ஊரே சேர்ந்து கட்டிய ஓட்டல்



சுற்றுலாப் பயணிகள் வருகிற ஊரில் பணம் புழங்கும். ஆனா, அந்தப் பணம் கடைசியில் யார் கைக்குப் போகுது? இந்தக் கேள்வியைக் கேட்டு, ஊரே சேர்ந்து ஒரு ஓட்டல் கட்டிய கதை இது.

ஸ்விட்சர்லாந்து நாட்டில், ஆல்ப்ஸ் மலையில் செர்மாட் என்று ஒரு கிராமம். ஆடு மாடு வளர்த்து, மலைச்சரிவில் கொஞ்சம் தானியம் விளைவித்துப் பிழைத்த ஏழை ஊர். 1850களில் அலெக்சாண்டர் சைலர் என்ற வெளியூர்க்காரர் அங்கிருந்த சின்ன விடுதியை எடுத்து, மோன்டே ரோசா என்று பெயர் வைத்தார். பின்னர் அவர் மனைவி கத்தரீனாவும் கூட நின்று தொழிலை வளர்த்தார்.

1865 ஜூலை 14ஆம் தேதி, 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏழு பேர் முதன்முதலாக ஏறினார்கள். இறங்கும்போது நாலு பேர் விழுந்து இறந்துபோனார்கள். அந்தச் செய்தி உலகமெல்லாம் பரவ, மலையைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அப்போது ரயில் கிடையாது; நடந்தோ கோவேறு கழுதையிலோதான் ஊருக்கு வரணும். அப்படியும் வந்தாங்க. சைலரின் ஓட்டல்கள் பெருகின.

காடும் மேய்ச்சல் நிலமும் ஊரின் பூர்வீகக் குடும்பங்களுக்குப் பொதுச்சொத்து. அதைப் பராமரிக்க அவர்களுக்கு ஒரு சபை இருந்தது. அந்தச் சபையே ஓட்டல் தொழிலிலும் இறங்கியது. ஊர் மக்களின் கூட்டு உழைப்பில் எழுந்த செர்மாட்டர்ஹோஃப் ஓட்டல் 1879ல் திறக்கப்பட்டது. 1891ல் ரயில் வந்ததும் பயணிகள் இன்னும் பெருகினார்கள். இன்று அது பெரிய நட்சத்திர ஓட்டல். ஆனாலும் கைமாறவில்லை, இன்றைக்கும் அந்தச் சபைக்கே சொந்தம்.

இந்தக் கதையில் குறையும் இருக்கு. ஊரை வளர்த்த சைலருக்குச் சபையில் உரிமை தர ஊரார் ஆண்டுக்கணக்கில் மறுத்தார்கள். இன்னொரு குறை நம்மைத் தொடுவது. அந்த நாட்டுப் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்ததே 1971ல்தான். ஓட்டல் திறந்தபோது பிறந்த பெண் குழந்தை 92 வயது வரை இருந்தால்தான் ஓட்டுப் போட்டிருக்க முடியும்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. தனியாக முடியாததைச் சேர்ந்தால் சாதிக்கலாம். பொதுச்சொத்தை விற்காமல் காத்தால் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். இது முதலாவது. ஆனா உழைப்பு மட்டும் கொடுத்தால் போதாது. கூட்டத்தில் நம்ம பேச்சும், தீர்மான நோட்டில் நம்ம கையெழுத்தும், வரவு செலவில் நம்ம கண்ணும் இருக்கணும். அப்போதான் அது உண்மையிலேயே நம்ம சொத்து.