சேலத்துல இருந்து சிம்பா வரைக்கும்: முகம் இல்லாத குரல்களோட கதை

(ஒலிபரப்பான எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். சின்ன வயசுல நீங்க பார்த்த ஒரு கார்ட்டூனை நினைச்சுக்குங்க. டோராவோ, ஜாக்கி சானோ, எதுவா வேணா இருக்கட்டும். அந்தத் தமிழ்க் குரல் இப்பவும் காதுல கேக்குதுல்ல? சரி, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பேர் என்ன?

நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. ஏன் தெரியாமப் போச்சுங்கறதுதான் இன்னைக்கு விஷயம். அதுக்கு நாம முதல்ல சேலம் போகணும்.

ஏற்காடு ரோட்டு ஸ்டூடியோ

சேலம், தருமபுரி பக்கம் மரப்பாவைகளை வெச்சு ஆடுற பொம்மலாட்டம் ரொம்பப் பழசு. திரைக்குப் பின்னாடி நிக்கிறவர்தான் கயிறையும் இழுப்பார், ராஜாவாவும் கோமாளியாவும் பேசுவார். உயிர் இல்லாத உருவத்துக்குக் குரல் குடுக்கிற வேலை சினிமாவோட வந்தது கிடையாது, அதுக்கு முன்னாடியே இங்க இருந்தது.

1935-ல இதே ஊர்ல, ஏற்காடு போற ரோட்டுல ஒரு ஸ்டூடியோ வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ். ஆரம்பிச்சவர் டி.ஆர்.சுந்தரம். அவர் இனிஷியல்ல இருக்கிற 'டி', இன்னைக்கு நாமக்கல் மாவட்டத்துல இருக்கிற திருச்செங்கோடு. இங்கிலாந்துல ஜவுளித் தொழில்நுட்பம் படிச்சுட்டு வந்த மனுஷர் சினிமா எடுக்க இறங்கினார். 1937-ல முதல் படம் 'சதி அகல்யா'. 1938-ல மலையாளத்தோட முதல் பேசும்படமான 'பாலன்' இங்கதான் தயாராச்சு. 1956-ல தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. மொத்தம் நூறு படத்துக்கு மேல. ஸ்டூடியோ இப்போ இல்ல, முகப்பு வளைவு மட்டும் நிக்குது.

அந்த ஆரம்ப காலத்துல ஒரு கட்டாயம் இருந்தது. கேமரா ஓடும்போதே மைக்கும் ஓடும். நடிக்கிறவர்தான் பேசணும், பெரும்பாலும் அவரேதான் பாடவும் செய்யணும். குரல் இல்லாதவருக்கு வேஷம் இல்ல. பி.யு.சின்னப்பா மாதிரி நாடக மேடையில தொண்டையைப் பழக்கினவங்க நட்சத்திரமானதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ முகமும் குரலும் ஒரே ஆளோடது. கேட்டவங்களுக்கு இது யார் குரல்னு சந்தேகமே வராது.

குரல் தனியாப் பிரிஞ்ச நாள்

பிரிவினையை ஆரம்பிச்சு வெச்சது பாட்டு. 1938-ல வந்த 'நந்தகுமார்' படத்துல நடிச்சவங்க ஒருத்தர், பாடினவங்க லலிதா வெங்கட்ராமன். அடுத்து வசனம். ஏவி.மெய்யப்பச் செட்டியார் கன்னடத்துல எடுத்த 'ஹரிச்சந்திரா' 1944-ல தமிழ் பேசி வந்தது. இந்தியாவோட முதல் டப்பிங் படம்னு சினிமா வரலாற்றுல சொல்றது இதைத்தான்.

இது ஒரு தொழில்நுட்ப வசதி மட்டும்தான்னு அன்னைக்கு நினைச்சிருப்பாங்க. ஆனா அதுக்குள்ள ஒரு புது வேலை பிறந்துடுச்சு. திரையில தெரியாம நடிக்கிற வேலை.

அந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு ஒரு உதாரணம் சொல்றேன். ஆங்கிலப் படத்துல ஒருத்தர் 'நோ'ன்னு கத்துறார். வாய் குவிஞ்சு திறந்தபடியே முடியுது. தமிழ்ல 'வேணாம்'னு போட்டா 'ம்'முக்கு உதடு மூடணும். திரையில வாய் திறந்திருக்கும், காதுல மூடின சத்தம் கேக்கும். ஒட்டாது. அதனால 'இல்ல'ன்னு மாத்தணும். இன்னொரு சிக்கல், தமிழ்ல வினைச்சொல் கடைசியில வரும், ஆங்கிலத்துல முன்னாடியே வந்துடும். கதாபாத்திரம் வாக்கியத்தோட நடுவுல கையை ஓங்கினா, அந்த இடத்துல விழற மாதிரி தமிழ் வாக்கியத்தையே உடைச்சுக் கட்டணும். டப்பிங் எழுதுறவரும் பேசுறவரும் ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கணக்கைப் போடுறாங்க.

டிஜிட்டல் வர்றதுக்கு முன்னாடி இன்னும் மோசம். ஒரு காட்சியில நாலு பேர் பேசினா நாலு பேரும் ஒரே மைக் முன்னாடி நிப்பாங்க. ஒருத்தர் தடுமாறினா எல்லாரும் முதல்ல இருந்து.

படிக்கட்டா, வீடா?

இந்த வேலை சிலருக்கு மேல ஏறுற படிக்கட்டா இருந்தது. விக்ரமை எடுத்துக்குங்க. 'அமராவதி'யில (1993) அஜித்துக்கு, 'காதலன்'ல (1994) பிரபுதேவாவுக்கு, 'காதல் தேசம்' படத்துல (1996) அப்பாஸுக்கு அவர்தான் குரல். அடுத்தவங்க முகத்துல தன் நடிப்பு ஓடுறதைப் பார்த்துக்கிட்டே 'சேது' (1999) வரைக்கும் காத்திருந்தார். 'பம்பாய்'ல (1995) மனீஷா கொய்ராலாவுக்குப் பேசினது ரோகிணி. 'மின்சார கனவு'ல (1997) கஜோலுக்குப் பேசினது ரேவதி. இவங்க ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடியே தெரிஞ்ச முகங்கள்.

எம்.எஸ்.பாஸ்கர் கதை வேற. ரொம்ப வருஷம் டப்பிங் கலைஞர். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' சீரியல்ல பட்டாபியா வந்தப்போதான் வீட்டுக்கு வீடு முகம் தெரிஞ்சது. அப்புறம் 'மொழி' (2007). 'பார்க்கிங்' படத்துக்காக 2025-ல தேசிய விருது அறிவிச்சாங்க, சிறந்த துணை நடிகர்னு. அவரோட காமெடியைக் கவனிச்சுப் பாருங்க. வசனத்துல எங்க மூச்சு விடணும், எங்க முழுங்கணும்ங்கற கணக்கு அத்தனை துல்லியமா இருக்கும். அது மைக் முன்னாடி பழகினது. ஆனா விருது வந்தது முகத்துக்கு. தமிழக அரசு விருதுகள்ல டப்பிங்குக்குத் தனிப் பிரிவு உண்டு, தேசிய விருதுகள்ல கிடையாது.

கார்ட்டூன் பேசின தமிழ்

2007-ல சுட்டி டிவி வந்தது. ஒரு தலைமுறைக் குழந்தைங்களுக்கு டோராவும் ஜாக்கி சானும் தமிழ்க்காரங்களா ஆனாங்க. சேலத்துலயும் நாமக்கல்லயும் ஸ்கூல் விட்டு வந்து பையைக் கழட்டாம டிவி முன்னாடி உக்காந்த பிள்ளைங்களுக்கு அந்தக் குரல்கள் வீட்டு ஆளுங்க மாதிரி. ஆனா அதுங்க பேசினது பெரும்பாலும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுத் தமிழ். 'ஏனுங்க'ன்னு கூப்பிடுற ஒரு கார்ட்டூன் பூனை நமக்குக் கிடைக்கல. கொங்குத் தமிழ் சினிமா காமெடிக்குள்ள போயிருந்தது. 'சதி லீலாவதி'யில (1995) கோவை சரளாவும் கமலும் பேசினது ஞாபகம் இருக்கும். கார்ட்டூனுக்குள்ள அது வரல.

2019-ல 'தி லயன் கிங்' தமிழ்ல வந்தப்போ கொஞ்சம் கதவு திறந்தது. பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி. மேடை மிமிக்ரியில இருந்தும் 'கலக்கப் போவது யாரு' மாதிரியான நிகழ்ச்சியில இருந்தும் வந்த ரோபோ சங்கருக்கு, காட்டுப்பன்றிக்குப் பேசுறது புதுசா தோணியிருக்காது. தியேட்டர்ல ஜனம் சிரிச்சது அந்தப் பேச்சுக்கு. 2025 செப்டம்பர்ல அவர் காலமானார். பும்பா இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கு. அதே படத்துல வில்லன் ஸ்காருக்குப் பேசினவர் அரவிந்த் சாமி. 1994 படத்தோட தமிழ் வடிவத்துல ஹீரோ சிம்பாவுக்குப் பேசினதும் அவர்தான்.

கவனிச்சீங்களா? நான் பேர் சொல்ல முடிஞ்சது எல்லாம் ஏற்கெனவே முகம் தெரிஞ்சவங்க. போஸ்டர்ல போட உதவுற பேர்கள். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் நமக்குப் பேசினவங்க பேர் டைட்டில்ல வந்ததே அபூர்வம்.

பேர் ஏன் முக்கியம்?

ஏன்னா இப்போ குரலை நகல் எடுக்க முடியுது. 2024-ல 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களை ஏஐ மூலமா கொண்டு வந்தார். குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, பணமும் குடுத்ததா சொன்னார். அதே வருஷம், எஸ்.பி.பி. குரலை அனுமதி இல்லாமப் பயன்படுத்தினதா அவர் குடும்பம் ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினது.

ரெண்டு இடத்துலயும் கேள்வி கேட்க ஒரு குடும்பம் இருந்தது, ஏன்னா அந்தக் குரலுக்கு ஒரு பேர் இருந்தது. பேரே பதிவாகாத ஒரு டப்பிங் கலைஞரோட பழைய எபிசோடுகளை ஒரு மெஷினுக்குக் குடுத்தா, யார்கிட்ட அனுமதி கேட்பாங்க? கேட்கணும்னு யாருக்குத் தோணும்?

இன்னைக்கு ராத்திரி ஓடிடி-யில தமிழ் டப்பிங் போட்டுப் பார்ப்பீங்க. படம் முடிஞ்சதும் அடுத்த எபிசோடுக்குத் தாவாம கடைசி வரைக்கும் விடுங்க. பல நேரம் டப்பிங் கலைஞர்கள் பேர் அங்க, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வரும். ஒரு பேரையாவது படிச்சு வெச்சுக்குங்க. வரலையா, அதையும் கவனிச்சு வைங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.