மிளகுக் கடலும் கூகுள் வழக்கும்

கொல்லிமலையில் மிளகு விளைகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரும் அம்மிளகை வாங்க மலையடியில் ஒருவனே நின்றால், விளைவித்தவன் விலை பேச வழியுண்டோ? மிளகின் வரலாறே இக்கேள்விதான். 16 ஆம் நூற்றாண்டில் மலபார் மிளகைத் தமதாக்க முனைந்த போர்ச்சுகீசியர், 'கர்த்தாஸ்' என்னும் சீட்டின்றிச் சென்ற மரக்கலங்களைப் பறித்தனர். தலைமுறைகளாக அக்கடலில் வணிகம் புரிந்த முஸ்லிம்களும் அச்சீட்டைப் பெற வேண்டியதாயிற்று. பெற்றாலும், மிளகு ஏற்றப் பெரும்பாலும் தடை!

நம் காலத்தில் அவ்வாறு வழியில் நிற்பது தேடுபொறி. சென்னையின் பாரத் மேட்ரிமோனி நிறுவனம் 2012 இல் கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டது. 1969 ஆம் ஆண்டின் ஏகபோகச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2002 ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில், பெரிதாயிருத்தல் குற்றமன்று. அந்த வலிமையைத் துர்ப்பிரயோகம் செய்தலே குற்றம். 2018 பிப்ரவரியில் ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விமானப் பயணம் தேடுவோர் முன் கூகுள் தன் சேவையையே முன்னிறுத்தியது குற்றங்களுள் ஒன்று. விளம்பரம் பற்றிய முறையீடோ ஏற்கப்படவில்லை. வழக்காடியது திருமணத் தகவல் நிறுவனம்; நியாயம் கிடைத்தது விமானச் சீட்டுக்கு!

தண்டத்தொகையைவிட, கழிந்த ஆறு ஆண்டுகளே நம்மை உறுத்துகின்றன. சிறு வணிகன் அதற்குள் கடையைக் கட்டியிருப்பான். குற்றம் நேருமுன்பே பெருநிறுவனங்களுக்கு வரம்பிடும் மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில்தான் வெளியாயிற்று.