யமடோரி

யமடோரி என்பது இயற்கையாக வளர்ந்த மரங்களைப் பொன்சாய் வளர்ப்புக்காக வேருடன் தோண்டியெடுத்தலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் ஆகும். மலையிலிருந்து எடுத்தல் என்பது இதன் பொருள். பாறை இடுக்குகளில் பல ஆண்டுகள் குறுகி வளர்ந்த மரங்கள், தொட்டியில் எளிதிற் பெற இயலாத முதிர்ந்த அடிமரத்தைக் கொண்டிருக்கும். எனினும், பருவம் தவறி எடுக்கப்படும் மரம் பிழைப்பது அரிது.

பருவத்தின் முக்கியத்துவம்

தோண்டும்போது நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி அறுபடுகிறது. இலைகளோ நீராவிப்போக்கினால் தொடர்ந்து நீரை இழக்கின்றன. ஆகவே, நீரிழப்புக் குறைவாகவும் புதுவேர் விரைவில் தோன்றத்தக்கதாகவும் உள்ள காலமே இதற்கு ஏற்றது. இக்காலம் மர இனத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ப மாறுபடும்.

பைன் மரங்கள்

பைன் மரங்களைப் பொதுவாகக் குளிர்காலத்தின் இறுதியில், மொட்டுகள் நீளத் தொடங்குமுன் எடுப்பர். இவற்றின் வேர்களுடன் சில பூஞ்சைகள் கூட்டுவாழ்வு நடத்துவதால், பழைய மண்ணை முழுவதும் கழுவி அகற்றுதல் கூடாது. ஊசியிலைகளைப் பெருமளவு நீக்குவதும் மரத்தை நலிவடையச் செய்யும்.

இந்தியாவில் பைன் மரங்கள் இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மலைகளிலும் இயற்கையாக வளர்கின்றன. கொடைக்கானல், உதகமண்டலம் ஆகிய இடங்களில் காணப்படுபவை மனிதரால் நடப்பட்டவை.

செஞ்சிப் பகுதி

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி போன்ற வெப்பச் சமவெளிகளில் அரசு, ஆல், இச்சி முதலியன பொன்சாய்க்கு ஏற்றவை. பறவைகளின் எச்சத்தின் வழியே பரவும் இவற்றின் விதைகள் பாறைப் பிளவுகளிலும் பழஞ்சுவர்களிலும் முளைக்கின்றன.

இம்மரங்கள் வேர்விட வெதுவெதுப்பான மண்ணும் ஈரப்பதமான காற்றும் தேவை. ஏப்ரல், மே மாதங்களின் கடும் வெயிலில் எடுத்தால் மரம் எளிதில் காய்ந்துவிடும். கோடை தணிந்து மழை தொடங்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் ஏற்றவை. அப்போது எடுத்தால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். வேர் பிடிக்காத மரத்தின் தொட்டியில் மழைநீர் தேங்கினால் வெட்டுப்பட்ட வேர்கள் அழுகக்கூடும். எனவே, நீர் எளிதில் வடியும் கலவையில் நட்டு, சில வாரங்கள் நிழலில் வைத்தல் வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவித்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. இதன் மதில்களில் முளைக்கும் அரசும் ஆலும் கட்டுமானத்துக்குக் கேடு விளைவிப்பவை. ஆயினும், கற்களுக்கிடையே ஊடுருவிய வேரைப் பிடுங்கினால் கற்கள் பெயரக்கூடும். ஆதலால் அவற்றை அகற்றுதல் துறையின் பணியாகும். தனியார் எடுத்தல் கூடாது. காப்புக் காடுகளில் அனுமதியின்றி மரங்களைத் தோண்டுவதும் சட்டப்படி குற்றமாகும்.

பழைய வீடுகளின் சுவர்கள், கிணற்று ஓரங்கள், இடிக்கப்படவுள்ள கட்டடங்கள் ஆகியவற்றில் முளைத்த செடிகளை உரிமையாளரின் இசைவுடன் எடுக்கலாம்.