மிராண்டாவின் மறுபாதி

"அண்ணே, ஃபைல் கரப்ட் ஆயிருக்கு போல. மிராண்டால பாதிதான் வருது. மூணு தடவை அழிச்சுட்டு திரும்பப் போட்டுட்டேன்."

செலஸ்டியா என்ற விண்வெளி மென்பொருளைப் புதிதாக நிறுவியிருந்த ஒரு கல்லூரித் தம்பி போன வாரம் இப்படிக் கேட்டான். யுரேனஸின் துணைக்கோளான மிராண்டாவை அவன் சுற்றி வந்திருக்கிறான். ஒரு பக்கம் பள்ளத்தாக்கும் வரிகளுமாக அற்புதமாக இருந்தது, இன்னொரு பக்கம் வெறுமை. மெனுவில் எங்கேயோ கை பட்டு, மாற்று மேற்பரப்பாக 'அறிவின் எல்லை' என்ற பொருளில் பெயர் வைத்த படம் தேர்வாகிவிட்டது. அது அவனுக்குத் தெரியவில்லை.

ஃபைல் நல்லாத்தான் இருக்கு தம்பி, அந்தப் பாதியை இதுவரைக்கும் மனுஷன் பார்த்ததே இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அவனிடமிருந்து பதிலே இல்லை. அவனுக்கு வரிசையாக விளக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை உருவானது. டெக்ஸ்சர் போடுவது எப்படி என்பதில் ஆரம்பித்தால், அந்த டெக்ஸ்சர் எப்படி வந்தது என்ற வரலாற்றைத் தொடாமல் முடிக்கவே முடியவில்லை.

முதலில் அடிப்படை. டெக்ஸ்சர் என்பது ஒரு கோளத்தின் மேல் போர்த்துகிற தட்டையான படம். அகலம் உயரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. கிழக்கு மேற்கு 360 பாகை, வடக்கு தெற்கு 180 பாகை, அதனால் அந்த அளவு. இந்த வகை வரைபட முறை கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. கி.பி. 100 வாக்கில் டயர் என்ற துறைமுக நகரத்தைச் சேர்ந்த மரினஸ் பயன்படுத்தியது. அவருடைய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. டாலமி அவரைக் குறை சொல்லி எழுதியதால்தான் அவரைப் பற்றித் தெரிகிறது. குறை நியாயமானதுதான்: இந்த முறையில் துருவப் பகுதி பயங்கரமாக இழுபடும். படத்தின் மேல் விளிம்பு முழுவதும் உண்மையில் ஒரே ஒரு புள்ளி. ஆனால் கம்ப்யூட்டருக்கு இதுதான் சௌகரியம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் பிக்சலைக் கண்டுபிடிக்க ஒரு பெருக்கல் போதும். காகிதத்தில் குறையாக இருந்தது திரையில் வசதியாகிவிட்டது.

செலஸ்டியாவை கிறிஸ் லாரல் 2001இல் வெளியிட்டார். இலவசம், மூலநிரலும் திறந்தது. அப்போதைய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் கிராஃபிக்ஸ் கார்டில் நினைவகம் ரொம்பக் குறைவு. அதனால் டெக்ஸ்சர்ஸ் ஃபோல்டருக்குள் மூன்று உள்ஃபோல்டர்கள் வைத்தார்கள்: லோரெஸ், மெட்ரெஸ், ஹைரெஸ். குறைந்த, நடுத்தர, உயர்ந்த தெளிவு. அவரவர் கம்ப்யூட்டரின் சக்திக்கு ஏற்ற தட்டு.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். செவ்வாயின் பெரிய படத்தைக் கொண்டுவந்து ஹைரெஸ் ஃபோல்டரில் போடுவார்கள், ஒன்றும் மாறாது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, மென்பொருள் இன்னும் நடுத்தரத் தட்டிலேயே நிற்கிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஆர் தட்டினால் ஒரு தட்டு மேலே ஏறும், ஷிஃப்ட் இல்லாமல் தட்டினால் கீழே இறங்கும். இரண்டு, பெயர். மென்பொருள் தேடுவது 'மார்ஸ்' என்ற பெயரை மட்டும்தான். ஜேபிஜியா பிஎன்ஜியா என்று கவலைப்படாது, ஆனால் பெயரோடு 'பதினாறாயிரம்', 'புதுசு', 'ஃபைனல்' என்று வால் ஒட்டியிருந்தால் கண்டுகொள்ளாது. லினக்ஸில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் சேரும். மூன்று, ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் ஃபோல்டர் உருவாகி, படம் ஒரு படி ஆழத்தில் ஒளிந்திருக்கும்.

பழைய படத்தின் மேலேயே புதியதைப் போட்டு அழித்துவிடாதீர்கள் என்பது என் கெஞ்சல். எக்ஸ்ட்ராஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் தனி ஃபோல்டர் போட்டு, ஒரு சின்ன எஸ்எஸ்சி ஃபைலில் 'செவ்வாய்க்கு இதுவும் ஒரு மாற்று மேற்பரப்பு' என்று எழுதிவிட்டால், ரைட் கிளிக் செய்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அப்படி ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் ஒரு படம் எதை மறைக்கிறது என்பது புரியும்.

அடுத்தது அளவு. "ஃபைல் வெறும் 20 எம்பிதானே, ஏன் தொங்குது?" என்று கேட்பார்கள். டிஸ்கில் ஜேபிஜி சுருண்டு படுத்திருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும்போது முழுசாக விரிந்துவிடும். 16384க்கு 8192 பிக்சல் படம் ஒன்று, பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் 40 கோடி பைட்டைத் தாண்டும். அதையே டிடிஎஸ் வடிவில், டிஎக்ஸ்டி1 சுருக்கத்தில் கொடுத்தால் கார்டுக்குள்ளும் சுருங்கியே இருக்கும். ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6.7 கோடி பைட். கிட்டப் போய்ப் பார்த்தால் நான்குக்கு நான்கு பிக்சல் கட்டங்களாக லேசாகப் பிசிறு தெரியும். சும்மா கிடைக்குமா?

அதற்கும் மேலே போக வேண்டுமானால் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்க வேண்டும். முதல் நிலையில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு துண்டு. ஒவ்வொரு நிலையிலும் நீளமும் அகலமும் இரட்டிப்பாகும். ஐந்து படி ஏறினால் 64க்கு 32, மொத்தம் 2048 துண்டுகள். ஒரு துண்டு 512 பிக்சல் என்றால் கோளைச் சுற்றி 32768 பிக்சல். கண்ணுக்குத் தெரிகிற துண்டுகளை மட்டும் மென்பொருள் ஏற்றும். எல்லா இடத்துக்கும் எல்லா நிலையிலும் துண்டு இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தெளிவான படம் கிடைத்த இடத்துக்கு மட்டும் ஆழமாக வெட்டிவைக்கலாம், மற்ற இடத்தில் மேல்நிலைத் துண்டே பெரிதாகித் தெரியும். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான். தெரிந்த இடத்தில் தெளிவு, தெரியாத இடத்தில் மங்கல்.

இன்னொரு விசித்திரமான சிக்கல் உண்டு. படம் தெளிவாக விழும், ஆனால் ஒலிம்பஸ் மலை செவ்வாயின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். செலஸ்டியா படத்தின் நடுவில் பூஜ்ய தீர்க்கரேகையை எதிர்பார்க்கிறது. ஆராய்ச்சி நிறுவனங்களின் படங்களில் பல, இடது ஓரத்தில் பூஜ்யத்தைத் தொடங்கி 360 வரை போகும். படத்தைச் செங்குத்தாக நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் இடம் மாற்றி ஒட்டினால் சரியாகிவிடும். வேலை அவ்வளவுதான்.

சரி, பூமிக்கு கிரீன்விச் இருக்கிறது, செவ்வாயில் பூஜ்யம் எது? 1830களில் பீர், மேட்லர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், சுழற்சிக் காலத்தைக் கணக்கிட ஒரு சின்ன கரும்புள்ளியை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 1877இல் ஸ்கியாபரெல்லி தன் வரைபடத்திலும் அதையே பின்பற்றினார். 1972இல் மரினர் 9 அனுப்பிய படங்களைக் கொண்டு, மெர்ட் டேவிஸ் அந்தப் பகுதியில் அரை கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு சின்னப் பள்ளத்தைத் துல்லியமான பூஜ்யமாக வைத்தார். அதன் பெயர் ஏரி-0. கிரீன்விச்சில் பூமியின் பூஜ்யக் கோட்டை வரையறுத்த தொலைநோக்கிக் கருவியை அமைத்த ஜார்ஜ் ஏரியின் பெயர். படத்தை நாம் நடுவில் வெட்டி ஒட்டும்போது 140 வருஷத்துச் சங்கதி ஒன்றில் கை வைக்கிறோம்.

இந்தப் படங்கள் எப்படி வந்தன என்பது இன்னும் சுவாரசியம். விண்கலப் படங்கள் வருவதற்கு முன்பு, நிலவின் வரைபடங்களைக் கையால்தான் வரைந்தார்கள். அரிசோனாவின் லோவெல் ஆய்வகத்தில் பேட்ரிசியா பிரிட்ஜஸ் போன்ற ஓவியர்கள், 1960களில் புகைப்படங்களை முன்னால் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியிலும் நேரில் பார்த்து, ஏர்பிரஷ்ஷால் மேடு பள்ளத்துக்கு நிழல் போட்டார்கள். புகைப்படத்தில் காற்றின் அலைவால் மங்கிப்போவதைக் கண் ஒரு கணம் பிடித்துவிடும், அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து வரைவார்கள். செவ்வாய்க்கு மரினர் 9 படங்கள் வந்த பிறகும் ஏர்பிரஷ் வரைபடங்கள் தொடர்ந்தன.

வெள்ளியின் கதை வேறு. அடர்ந்த மேகத்துக்குள் கேமரா பார்க்காது. மெகல்லன் விண்கலம் 1990 முதல் 1994 வரை ரேடாரால் 98 சதவீதத்தை வரைந்தது. ரேடாருக்கு நிறம் கிடையாது. நாம் கோளின்மேல் போர்த்துகிற அந்த ஆரஞ்சு, தரையில் இறங்கிய சோவியத் வெனெரா கலங்களின் படங்களை ஒட்டிப் பிறகு பூசியது.

புதன் இன்னும் மோசம். மரினர் 10 அதை 1974, 75இல் மூன்று முறை கடந்தது. மூன்று தடவையும் வெளிச்சத்தில் இருந்தது ஒரே முகம்! கலம் சூரியனை ஒருமுறை சுற்ற 176 நாள். அதற்குள் புதன் இரண்டு முறை சூரியனைச் சுற்றி, தன்னைத்தானே சரியாக மூன்று முறை சுழன்று, பழைய நிலையிலேயே வந்து நின்றுவிடும். அதனால் கிடைத்தது சுமார் 45 சதவீதம். மீதிக்கு 2008 வரை, மெசஞ்சர் கலம் அங்கே போய்ச் சேரும்வரை, 33 வருஷம் காத்திருந்தோம். இடைப்பட்ட காலத்தில் முழுப் புதன் டெக்ஸ்சர் என்று எதைப் போட்டிருந்தாலும், அதில் பாதிக்கு மேல் யாரோ நிரப்பியதுதான்.

மிராண்டாவுக்கு வருவோம். யுரேனஸ் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு சுற்றுகிறது, சாய்வு சுமார் 98 பாகை. அதன் பெரிய துணைக்கோள்களுக்கும் அதே படுக்கைதான். வாயேஜர் 2 அங்கே போனது 1986 ஜனவரி 24. அப்போது தென்துருவம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் தெற்கில் மட்டும். மிராண்டா, ஏரியல், அம்ப்ரியல், டைட்டானியா, ஓபெரான் என ஐந்துக்கும் வடபாதி பெரும்பாலும் இரவில் இருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கலமும் யுரேனஸ் பக்கம் போகவில்லை. 2007இல் அங்கே பகலிரவு சமநாள் கடந்தது, இப்போது வடக்கில் வெயில். ஆனால் பார்க்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2013இல் ஒரு பள்ளிக்கூடத்தில் செலஸ்டியாவைத் திரையில் போட்டுக் காட்டினேன். புளூட்டோவுக்கு யாரோ ஓவியர் செய்த ஒரு படத்தை ஏற்றியிருந்தேன். வெடிப்பும் பள்ளமும் பனியுமாக அவ்வளவு அழகு. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "அந்தப் பெரிய பள்ளத்துக்கு என்ன பேரு சார்?" என்றாள். "இன்னும் பேரு வைக்கலம்மா" என்றேன். பிள்ளைகள் அதை நோட்டில்கூட எழுதிக்கொண்டார்கள். ஹபிள் தொலைநோக்கிக்கே அன்று புளூட்டோ சில பிக்சல்தான். அந்தப் பள்ளமே கிடையாது என்பதுதான் சரியான பதில். தெரிந்தே சொன்ன பொய் இல்லை. கேள்வி வந்த வேகத்தில் படத்தை நான் நம்பிவிட்டேன், அவ்வளவுதான்.

2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவைக் கடந்தபோது, இதய வடிவில் ஒரு வெளிர்நிலம் தெரிந்தது. எந்த ஓவியனும் அதை வரைந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் புளூட்டோவின் ஒரு பக்கம் மட்டுமே தெளிவு. மறுபக்கம் மங்கல், தெற்கில் ஒரு பகுதி இருட்டு.

அழகான கற்பனைப் படங்களைப் போடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. நானும் போடுகிறேன். ஆனால் அவற்றுக்குத் தனி ஃபோல்டர், பெயரிலேயே 'கற்பனை' என்று ஒட்டு. இறக்கும்போது கூடவே வருகிற ரீட்மி ஃபைலைத் தூக்கிப் போடாமல் படியுங்கள். எந்தக் கலம் எடுத்தது, எந்தப் பகுதி நிரப்பியது என்று நேர்மையானவர்கள் அதில் எழுதியிருப்பார்கள். எழுதாத படத்தைப் பிள்ளைகளிடம் காட்டும்போது மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

தம்பிக்கு மெனுவில் பழைய படத்துக்கு எப்படித் திரும்புவது என்று சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் அவனே சொன்னான்: "அண்ணே, முழுசா இருக்கறதையும் போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதியாவே வெச்சுக்கிட்டேன்."