ஓர் உயிரணு முழுச் செடியாகுமா?

விடைக்காக 56 ஆண்டுகள் காத்திருந்த ஒரு வினாவின் வரலாற்றை இன்று கூற விரும்புகின்றேன்.

1902ஆம் ஆண்டில், ஹாபர்லாண்ட் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலறிஞர், இலையிலிருந்து உயிரணுக்களைத் தனியே பிரித்தெடுத்துச் சத்துநீரில் இட்டு வளர்த்தார். அவை வாரக்கணக்கில் உயிரோடிருந்தன, பருத்தன. ஆயினும் ஒன்றேனும் இரண்டாகப் பிரியவில்லை. அவர் தேர்ந்தவை முதிர்ந்த இலையின் அணுக்கள். பிரிவைத் தூண்டும் வளர்ச்சிப் பொருள்களையோ அன்று எவரும் அறிந்திலர். எனினும், உடலின் தனி அணுவிலிருந்து கருவை உண்டாக்குதல் கூடும் என்று அவர் எழுதி வைத்தார்.

பின்னர் அப்பொருள்கள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. 1955இல் அமெரிக்காவில் ஸ்கூக், மில்லர் முதலியோர் அணுப் பிரிவைத் தூண்டும் கைனெட்டினைக் கண்டனர். 1958இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவர்ட் குழுவினர், காரட் கிழங்கின் அணுக்களை வளர்த்து முழுச் செடிகளையே பெற்றனர். அவர்தம் சத்துநீரில் கலந்திருந்தது எது தெரியுமா? தேங்காயை உடைத்தால் வழியுமே, அந்நீர்தான்! தென்னையின் இளங்கருவைப் பேணும் நீர், காரட்டின் அணுவையும் பேணிற்று.

அணுக்கள் கூட்டமாக வளர்ந்தமையால் சிலருக்கு ஐயம் எஞ்சியது. 1965இல் வாசில், ஹில்டிபிராண்ட் இருவரும் தன்னந்தனியான ஒரே புகையிலை அணுவிலிருந்து முழுச் செடியை வளர்த்து அதனையும் தீர்த்தனர்.

ஹாபர்லாண்ட் 1945இலேயே மறைந்துவிட்டார். தம் கருத்து வென்றதைக் கண்டாரல்லர். ஆயினும் அவர் முயற்சியைத் தோல்வி என்றுரைக்க என் மனம் ஒப்பவில்லை. உங்கள் சோதனை பலிக்காத நாளில் அவரை நினையுங்கள்; கண்டதையும் கருதியதையும் தவறாது எழுதி வையுங்கள். பின்வருவோர்க்கு அதுவே வித்தாகும்.