திருதராட்டிரன்: காப்பிய மன்னன் தொலைக்காட்சியின் எதிர்நிலை மாந்தனான வரலாறு

முன்னுரை

1988 அக்டோபர் 2 தொடங்கி 1990 சூன் 24 வரை ஞாயிறுதோறும் காலையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘மகாபாரத்’ தொடர் 94 பகுதிகளைக் கொண்டது. பி.ஆர். சோப்ரா தயாரித்து, ரவி சோப்ரா இயக்கிய அத்தொடருக்கு உரையாடல் எழுதியவர் ராஹி மாசூம் ராசா. துரியோதனனும் சகுனியும் அத்தொடரின் வெளிப்படையான தீயோர். ஆயினும் கிரிஜா சங்கர் ஏற்று நடித்த திருதராட்டிரனே பார்ப்போர் உள்ளத்தை நெடுநாள் உறுத்தியவன் எனலாம். தீமையை விரும்பாத ஒருவன், தீமையைத் தடுக்கும் அதிகாரம் தன் கையில் இருந்தும் தடுக்காத ஒருவன், எதிர்நிலை மாந்தனாக வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் மைசூரு அக்ரகாரம் போன்ற ஓரிடத்திலிருந்து நோக்கும்போது இவ்வரலாறு இருமொழி மரபுகளையும் தழுவியதாக அமைகிறது.

வியாசர் காட்டும் இருமுகம்

வியாச பாரதத்தின் சபா பருவத்தில் திருதராட்டிரன் இரு முகங்களோடு காணப்படுகிறான். சூதாட்டம் வேண்டாம் என்று மகனுக்கு அறிவுரை கூறுபவன் அவனே. ஆட்டம் நடக்கும்போது ‘வென்றாயிற்றா, வென்றாயிற்றா’ என மீண்டும் மீண்டும் வினவித் தன் மகிழ்ச்சியை மறைக்க இயலாமல் தவிப்பவனும் அவனே. திரௌபதிக்கு அவன் வரம் தருவது தீய நிமித்தங்கள் தோன்றிய பின்னரே. வரத்தால் விடுவித்த பாண்டவரை, மகன் வற்புறுத்தியதும் மறுசூதுக்கு அழைக்கவும் இசைகிறான். மகனைக் கைவிடுமாறு காந்தாரி வேண்டியும் அவன் கேட்கவில்லை. அவன் வீழ்ச்சிக்குக் காரணம் அறியாமை அன்று; அறிந்ததைச் செய்யும் திட்பம் இன்மையே.

இடிப்பார் இல்லாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. திருதராட்டிரனுக்கோ இடித்துரைக்க விதுரன் இருந்தான். உறக்கம் வராத இரவில் அவனையே அழைத்து அறம் கேட்டவன் இம்மன்னன். இடிப்பார் இருந்தும் கெட்ட மன்னன் என்பதே இவன் தனித்தன்மை. வினைத்திட்பம் என்பது மனத்திட்பமே என்னும் குறட்கருத்துக்கு இவன் எதிர்மறைச் சான்று. சிலம்பின் பாண்டியன் ஆராயாது ஒருமுறை தவறினான்; தவற்றை உணர்ந்த அக்கணமே உயிர் நீத்தான். திருதராட்டிரன் ஒவ்வொரு முறையும் உணர்கிறான். உணர்ந்தபின்னும் அரியணையிலேயே அமர்ந்திருக்கிறான்.

பாரதியின் தெரிவு

1912ஆம் ஆண்டு முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தில் ‘திரிதராட்டிரன்’ சகுனியின் சொல்லை முதலில் மறுக்கிறான். பாண்டவரின் பெருமையை எடுத்துரைக்கிறான். மகனின் தீமொழிக்குப் பின்னரே இசைகிறான். இம்மறுப்பையும் இசைவையும் பாரதி தனித்தனிப் பகுதிகளாக விரித்திருப்பது நோக்கத்தக்கது. இவனை உயர்ந்த குணங்கள் உடையவனாகவும் சூதில் விருப்பம் இல்லாதவனாகவும் தாம் காட்டியிருப்பதாகப் பாரதியே குறிப்பு எழுதியுள்ளார். மகனைப் போன்றே தீக்குணத்தான் எனக் கருதுவோர் உளர் என்பதையும் சுட்டி, தம் சித்திரம் வியாசரைத் தழுவியது என்கிறார்.

வியாசரிடம் உள்ள இருமுகங்களுள் ஒன்றையே பாரதி தெரிந்துகொண்டார் என்பது இங்குக் கருதத்தக்கது. இத்தெரிவு மன்னனின் குற்றத்தைக் குறைப்பதாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் அது குற்றத்தை மிகுவிக்கிறது. பேராசையால் இசைபவனைக் காட்டிலும், தீதெனத் தெளிந்து தானே வாதிட்டபின் விதியின்மேல் பழிபோட்டு இசைபவனே அஞ்சத்தக்கவன்.

தமிழும் கன்னடமும்

வில்லிபுத்தூராரின் பாரதமும் பத்துப் பருவம். மைசூர் நாட்டில் கமக மரபில் இசைத்துப் படிக்கப்பெறும் குமாரவியாசரின் கன்னட பாரதமும் பத்துப் பருவம். போருக்குப் பின் நெடுங்காலம் தருமனின் ஆதரவில் வாழ்ந்து, காடேகி, காட்டுத்தீயில் மடியும் திருதராட்டிரனின் கழுவாய்ப் பகுதி இவ்விரண்டிலும் இடம்பெறவில்லை. தமிழில் நல்லாப்பிள்ளையும் கன்னடத்தில் திம்மண்ணரும் எஞ்சிய பருவங்களைப் பிற்காலத்தில் பாடினர். எனினும் மக்கள் செவிகளில் நிலைத்தவை பத்துப் பருவ நூல்களே. ஆகவே வருந்தித் திருந்திய முதியவனைக் காட்டிலும், அவையில் வாளா இருந்த மன்னனே இரு மொழியார் நினைவிலும் தங்கினான். தமிழ்ப் பேச்சில் நிலைத்துவிட்ட ‘திருதராட்டிர ஆலிங்கனம்’ என்னும் தொடர் இவன்பால் மக்கள் கொண்ட ஐயத்தைக் காட்டும்.

மைசூரில் வாழ்ந்த எஸ்.எல். பைரப்பாவின் ‘பர்வ’ (1979) வரம், சாபம், தெய்வச் செயல் ஆகியவற்றை நீக்கி இக்கதையை மனிதர் கதையாக்கியது. பாவண்ணன் ‘பருவம்’ என இதனைத் தமிழாக்கி 2005ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். தெய்வம் விலகிய கதையில் விதியைக் காரணம் காட்ட மன்னனுக்கு இடமில்லை.

தொடர் என்னும் வடிவம்

தொலைக்காட்சித் தொடர் ஒத்திப்போடுதலால் வாழும் வடிவம். திருதராட்டிரனும் ஒத்திப்போடுதலால் ஆளும் மன்னன். இவ்விரண்டின் பொருத்தமே அப்பாத்திரத்தின் வெற்றிக்கு அடிப்படை எனலாம். காப்பியத்தில் சில பாடல்களில் முடியும் தயக்கம் தொடரில் வாரக்கணக்கில் நீள்கிறது. முடிவு தெரிந்திருந்தும், இந்த வாரமேனும் இவன் ‘வேண்டாம்’ என்று சொல்லமாட்டானா எனப் பார்ப்போர் ஏங்குகின்றனர். துரியோதனன்பால் எவருக்கும் இத்தகைய எதிர்பார்ப்பு எழுவதில்லை. தமையனாகப் பிறந்தும் பாண்டுவுக்கு அரசு சென்ற குறையைத் தொடர் விரிவாகக் காட்டுவதால் வெறுப்போடு இரக்கமும் கலக்கிறது. வீட்டுமனின் மறைவோடு முடியும் இத்தொடரும், பத்துப் பருவ நூல்களைப் போலவே, அவனது வனவாசத்தைக் காட்டவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அண்மைக் காட்சி வழியாக அசையாத விழிகளையே மீண்டும் மீண்டும் காட்டும் திரைமொழி, பார்வையின்மையை அறமின்மையின் அடையாளமாக மாற்றிவிடுகிறது. அந்தகக்கவி வீரராகவரைப் போற்றிய தமிழ் மரபு இதனை ஏற்க இயலாது. பாஞ்சாலி துன்புற்ற அவையில் விழியுடைய பெரியோரும் இருந்தனர், அவர்களும் காக்கவில்லை. குற்றம் அவன் தந்த இசைவில் இருக்கிறது. அதனை விழிமேல் ஏற்றுவது மன்னனுக்கு மற்றுமொரு சாக்கை வழங்குவதாகும். பார்வையற்றோருக்கு இழைக்கும் தீங்குமாகும்.

முடிவுரை

வியாசரிடம் இருமுகம் கொண்டிருந்த மன்னன் பாரதியிடம் நல்லறிவும் மெலிந்த உறுதியும் உடையவனானான்; பத்துப் பருவ மரபால் கழுவாய் இழந்தான்; தொலைக்காட்சியில் வாரந்தோறும் தவறும் எதிர்நிலை மாந்தனானான். தீமை செய்வோனை மட்டும் தீயோன் என்னாது, தடுக்கவல்ல பதவியில் இருந்தும் தடுக்காதவனையும் அவ்வரிசையில் வைத்து எண்ணப் பழக்கியதே இப்பாத்திரத்தின் பயன். அதிகாரத்தில் இருப்போரின் நல்லெண்ணத்தையே அவர்தம் சான்றிதழாகக் கொள்ளும் வழக்கம் உள்ளவரை, இப்பாத்திரத்தை மீண்டும் மீண்டும் படிக்க வேண்டிய தேவையும் இருக்கும்.