ஆவிரை, ஆவாரை, ஆவாரம் பட்டை

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் ஆவிரையும் உண்டு. கலித்தொகையில் மடலேறும் தலைவன் பூளை, எருக்கோடு சேர்த்து அதைக் கட்டுகிறான். பொங்கலுக்கு முன்பு கொங்கு வீடுகளின் கூரையில் செருகும் காப்புக்கட்டிலும் ஆவாரையும் பூளையும் ஒன்றாகவே இருக்கின்றன. இது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஆவிரை பேச்சில் ஆவாரை ஆயிற்று, ஆவாரம் ஆயிற்று. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்னும் பழமொழிக்கு எதுகை தந்தது இந்தப் புது வடிவந்தான். கன்னடத்தில் ஆவரிகெ. தெலுங்கு தங்கேடு என்று தனி வழி போய்விட்டது.

செடியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் காதுமடல் வடிவில் இரண்டு பச்சைச் செதில்கள் உதிராமல் நிற்கும். லின்னேயஸ் 1753-ல் காசியா ஆரிகுலேட்டா என்று பெயர் வைத்தது அந்தக் காதுகளைப் பார்த்துத்தான். இப்போது சென்னா இனத்தில் சேர்த்திருக்கிறார்கள். பூவுக்கு ஐந்து மஞ்சள் இதழ். மகரந்தத் தாள் பத்து, அவற்றில் மேலே உள்ள மூன்றும் மலடு. காய் தட்டையானது, மெல்லியது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்குச் சோறு போட்டது பூவல்ல, பட்டை. பட்டையிலுள்ள துவர்ப்பு தோலின் புரதத்தைப் பற்றி இறுக்கிக்கொள்ளும். அப்புறம் தோல் அழுகாது. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம் பட்டைச் சாற்றில் பல நாள் போட்டு, பிறகு கடுக்காய்ச் சாறு கொடுப்பார்கள். இப்படிப் பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. அதோடு ‘அவரம்’ என்ற சொல்லும் ஆங்கிலத் தோல் வணிகத்துக்குள் நுழைந்தது.

ஆவாரம் பட்டைக்குப் போட்டியாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது. 1900-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையைப் பரப்பினார். வாரக்கணக்கில் ஆன வேலை நாள்கணக்கில் முடிந்தது. தோல் ஆலைக் கழிவால் அந்த வேகத்துக்குப் பாலாறு கொடுத்த விலை, 1996-ல் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

ஆவாரம்பூ தேநீராகக் கடைகளில் கிடைக்கிறது. அந்தச் சொல்லுக்குக் குறையில்லை. பட்டையோடு சேர்ந்த தொழிற்சொற்கள்தான் கைவிட்டுப் போகின்றன. வட்டார வழக்கு அகராதி தொகுப்பவர்கள் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் போய், பட்டைத் தொட்டியில் வேலை பார்த்த பெரியவர்களிடம் அவற்றை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.